கேட்டதற்கு மட்டும் சொன்ன பதில்

சரியாகக் காலை பதினொன்று நாற்பது. தாலுகா ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். விவசாயிகள் நெல் கொண்டுவந்து விற்கும் கமிட்டியில் என் மகன் மூட்டை தூக்கும் செட்டின் மேஸ்திரி போன் செய்தார். மூட்டையோடு விழுந்துவிட்டான், கால் மரத்துப்போச்சு என்கிறான், உடனே வாங்க என்றார். எழுதிய வரியை முடித்தேனா என்பதுகூட நினைவில்லை.

அவனுக்கு ஏற்கெனவே முதுகுவலி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு புதிய உடற்பயிற்சியைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தார்கள். வலி குறைகிறதா என்பதோடு, ஆள் வேலைக்குத் திரும்புகிறானா என்பதையும் அதில் அளந்தார்கள். அதற்காகத் திங்கட்கிழமைதோறும் ஓர் அம்மாள் போன் செய்வார். வீட்டில் அவரை ஆராய்ச்சி மேடம் என்போம். கமிட்டி இரைச்சலில் மகன் போன் எடுக்கமாட்டான் என்பதால் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு, போன வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்று கேட்பார். "ஆறு நாளும் போனாம்மா" என்பேன்.

பொய் இல்லை. செட்டில் ஒருவனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அனுப்பினால் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். அவன் மூட்டைகளை மற்றவர்கள் தூக்குவார்கள். அவன் ஓரமாக உட்கார்ந்து சாக்கு வாய் தைப்பான். என் மகனும் அந்த ஆறு நாளும் அதைத்தான் செய்தான். "தையக்காரரே, நம்ம வூட்டு ஜாக்கெட்டும் ரெண்டு இருக்குது, தச்சுக் குடுப்பியா" என்று கிண்டல் செய்வார்களாம். அவனே வந்து சிரித்தபடி சொல்வான். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் மேடம் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கூட ஒரு வார்த்தை வேணாம் என்று மனு எழுத வருகிறவர்களிடம் இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய் இது. போனான் என்று சொல்லும்போது ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைக்க முடியாது.

வேலைக்குத் திரும்பிவிட்டான் என்று பதிவானதால் பயிற்சியை அடுத்த கட்டத்துக்கு ஏற்றினார்கள். இனி எடை தூக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். தன் மூட்டையை அடுத்தவன் முதுகில் பார்த்துப் பார்த்து அவனும் கூசியிருப்பான். அன்றைக்குத் தூக்கிவிட்டான்.

மூன்று வாரமாகப் படுத்திருக்கிறான். ஆபரேஷன் வேண்டுமா, எழுந்து நடப்பானா என்று டாக்டர் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே துண்டை உதறுவான். நெல் தூசி கூடம் முழுக்கப் பறக்கும். வெளியே போய் உதறுடா என்று கத்துவேன். "இது இன்னா நைனா, சோறு போடுற தூசி" என்பான். இப்போது கூடம் சுத்தமாக இருக்கிறது. காலையில் பெருக்கினால் மறுநாள் வரை அப்படியே இருக்கிறது. அந்தத் தூசி ஒரு நாள், ஒரே ஒரு நாள் திரும்பிப் பறந்தால் போதும் என்று இருக்கிறது.

விழுந்த பிறகு மேடம் போன் செய்தபோது, வேலைக்குப் போகலம்மா, விழுந்துட்டான் என்று மட்டும் சொல்லியிருந்தேன். போன திங்கட்கிழமை போன் வரவில்லை. மத்தியானம் மேடமே வந்துவிட்டார், நான் போனில் சொன்னதையெல்லாம் குறித்த படிவத்தோடு. கமிட்டிக்குப் போய் மேஸ்திரியிடம் எல்லாம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். நாற்காலியை வேண்டாம் என்று சொல்லி, மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் தப்பு பண்ணிட்டேன்மா என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொன்னது நெசந்தான் ஐயா. போனாரான்னுதான் கேட்டேன். போய் இன்னா செஞ்சாருன்னு ஒரு நாளும் நான் கேக்கல."

பிறகு படிவத்தைத் திருப்பி, எழுத்தில்லாத பின்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"நீ சொல்லு தம்பி. மொத வாரத்துலேர்ந்து."