முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும்

குழந்தைகள் என்றால் உயிர் என்பதற்காக ஷஹீமா டேகேர் வேலைக்குப் போகவில்லை. அதிராம்பட்டினத்தில் எம்.காம். முடித்துவிட்டு, ஹஸ்னைனைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவின் பிஸ்கட்டவேக்கு வந்தவள். கம்ப்யூட்டர் தெரியாமல் இந்த ஊரில் குடியிருக்கும் ஒரே தமிழ்ப்பெண் தான்தான் என்று சொல்லிச் சிரிப்பாள். வொர்க் பெர்மிட் வந்ததும் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டாள். மகன் ஜுஹைரையும் அங்கேயே விடலாம் என்பதுதான் முக்கியமான விஷயம்.

போன வருடம் அவளை அப்ரெண்டிஸ்ஷிப்பில் சேர்த்துவிட்டார்கள். பகலில் சம்பளத்தோடு வேலை, மாலையில் ஆன்லைன் வகுப்பு. முடித்தால் பிள்ளைகளையும் அவர்கள் குடும்பங்களையும் கவனிக்கும் மேனேஜர். டைரக்டர் பர்வதம் ஒவ்வொரு வேலையாக அவளைச் செய்யவிட்டுப் பார்த்து, திருப்தி என்றால் கையெழுத்துப் போடுவார். டீச்சர்களுக்கு ஷிஃப்ட் போடுவது, சோதனைக்கு வருகிற அதிகாரிகளைச் சமாளிப்பது எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி ஒன்றுதான்: பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று பெற்றோரிடம் சொல்வது.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அந்தப் பிள்ளை நன்றாகச் செய்கிற இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணால் பார்த்ததை மட்டும். நோயின் பெயர் எதுவும் வாயில் வரக் கூடாது. சொல்லி முடித்ததும் பேசாமல் உட்கார வேண்டும். அழுதால் டிஷ்யூவை நகர்த்தலாம், 'ஒண்ணும் இருக்காது' என்று மட்டும் சொல்லக் கூடாது. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிற வேலைதான். அதற்கு ஒரு பாடம், ஒரு கையெழுத்து. ஷஹீமா ஆணம் கொதிக்கும்போதுகூட அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள்.

பிள்ளைகள் தூங்கும் மதிய நேரத்தில் பர்வதம் கூப்பிட்டார். கையெழுத்துக்குத்தான் என்று நினைத்துப் போனாள்.

"உக்காரு ஷஹீமா. ஜுஹைர் பிளாக்ஸ் அடுக்குறது அவ்ளோ அழகா இருக்கு. பொறுமையா, ஒண்ணுகூட சரியாம."

"ஆமாக்கா."

"பாட்டு ப்ளே பண்ணா முழுசா உக்காந்து கேக்குறான்."

இரண்டாவது நல்லது வந்ததுமே ஷஹீமாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மூன்றாவதற்காகக் காத்திருந்தாள், அதுவும் வந்தது. பிறகு மற்றது வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் சுட்டிக் காட்டுவதில்லை, பேசிக்கொண்டிருந்த நாலைந்து வார்த்தைகளும் இப்போது இல்லை. மூன்று வயதுக்கு முன்னால் கேட்டால் அரசாங்கத்திலிருந்து வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஜுஹைருக்கு மூன்று முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுப் பர்வதம் பேசாமல் உட்கார்ந்தார். அவருக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

ஷஹீமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உள்ளே. அக்கா நன்றாகத்தான் சொன்னார், எதையும் விடவில்லை என்று தோன்றியது. "சரிக்கா" என்றாள். தன் வகுப்புக்குப் போய், எழுந்த பிள்ளைகளுக்கு டயாப்பர் மாற்றினாள்.

மாலையில் ஹஸ்னைன் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான ஐசலினுக்குக் கறி வாங்கப் போனான். கடை வாசலில் நிறுத்தியதும் அவள் ஆரம்பித்தாள், பழகின முறைப்படியே.

"ஏங்க, ஜுஹைர் பிளாக்ஸ் ரொம்ப நல்லா அடுக்குறானாம். பர்வதம் அக்கா சொன்னாங்க."

"பின்ன? யாரு புள்ள! சிவில் இன்ஜினியர் ஆயிடுவான் பாரு. உம்மாவுக்கு இப்பவே வாய்ஸ் மெசேஜ் போடுறேன்" என்று ஃபோனை எடுத்துவிட்டான்.

இதற்குப் பாடத்தில் வழி சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து ஃபோனைக் கீழே இறக்கினாள்.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். பேச்சும் நின்னுபோச்சு. செக் பண்ணணும்ங்க. திங்கக்கிழமை நான் ஃபோன் பண்ணி அப்ளை பண்ணப் போறேன்."

ஹஸ்னைன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"ஜுஹைர். ஜுஹைர்! வாப்பாவப் பாரு."

பையன் சீட் பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அவங்க கெடக்காங்க" என்றான் ஹஸ்னைன். "நீதானே இதுக்குன்னே படிக்கிற? நீ சொல்லு. உனக்கு அப்படி ஏதாவது தோணிச்சா?"

"தோணிச்சு."

"எப்ப?"

"நோன்புக்கு முன்னாடியே."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

ஷஹீமாவுக்கு அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"எங்கிட்டயும் யாராவது வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."