உதட்டில் பிடித்த டிக்கெட்

பத்து வயது வரைக்கும் என் மகள் அதிகம் கேட்ட வார்த்தை "வாயை மூடு" என்பதுதான். வாயாடி என்பதால் அல்ல. அவளுக்கு எந்நேரமும் வாய் திறந்தே இருக்கும். டிவி பார்த்தாலும் அப்படித்தான், வீட்டுப்பாடம் எழுதினாலும் அப்படித்தான். கடலூரில் எங்கள் தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம், "என்னா பாப்பா, ஈ பூந்துடப் போவுது" என்பார்கள். தூங்கும்போது அவள் விடும் மூச்சு அடுத்த அறை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கும் தூக்கம் வரும்.

முன்பற்கள் வேறு வருஷத்துக்கு வருஷம் வெளியே வந்துகொண்டிருந்தன. என் அண்ணன் அவளைத் "தேங்காத்துருவி" என்றுதான் கூப்பிடுவான். தாய்மாமன், செல்லமாகத்தான் சொன்னான். அவளோ சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

விரல் சூப்புவதால்தான் பல் எத்துகிறது என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவிப் படுக்க வைத்தோம். காலையில் பிசுபிசுப்புக் குறையாத விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, "நான் சூப்பவே இல்லம்மா" என்பாள். வாயை மூடச் சொன்னால், "மூடுனா எப்பிடி மூச்சு வுடுறது?" என்று கேட்பாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று அதற்கும் ஒரு திட்டு விழும்.

இரண்டாயிரத்து ஆறில் அவளைச் சிதம்பரத்துக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கம்பி போட்டுப் பல்லை உள்ளே தள்ளிவிடுவார்கள், வேலை முடிந்தது என்று நினைப்பு. டாக்டர் இளம்பெண். வாய்க்குள் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து என் மகளின் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"வாய மூடிட்டு மூச்சு வுடு பாப்பா."

கண்ணாடியில் ஆவியே படியவில்லை. அவள் முகம் சிவக்க முயன்று பார்த்தாள், முடியாமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"மூக்கடைப்பு ஜாஸ்தியா இருக்கும்மா. காத்து போவ வழியில்லாமத்தான் வாய தொறந்துக்கறா. வாய் தொறந்தே இருந்தா நாக்கு கீழயே கெடக்கும். மேல் தாடை அகலமா வளராது, முன்பல்லு வெளிய வந்துடும். கம்பி மட்டும் போட்டா திரும்பவும் பழையபடி ஆயிடும். மொதல்ல மூக்கப் பாக்கணும்."

"அதத்தான் நான் சொன்னேன்" என்றாள் என் மகள். சொன்னது டாக்டரிடம் அல்ல, என்னிடம்.

பல் டாக்டர் ஒருவர் பல்லை விட்டுவிட்டு மூக்கைப் பார்த்தாரே, எனக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

காது மூக்கு டாக்டரிடம் காட்டினோம். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூக்கு திறந்துகொண்டது, ஆனால் வாய் மூடவில்லை. பழக்கதோஷம். பல் டாக்டர் கம்பி கட்டிவிட்டு, கூடவே ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். சும்மா இருக்கும்போது ஒரு அட்டையை உதடுகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ள வேண்டும், பல்லால் கடிக்கக் கூடாது.

நானாக இருந்தால் மறுநாளே அட்டையைத் தூக்கிப் போட்டிருப்பேன். காலையில் நடக்கப் போகிறேன் என்று வாங்கிய என் ஷூ இன்னும் புதிதாகவே இருக்கிறது. அவள் அப்படியில்லை. கணக்குப் போடும்போதும் உதட்டில் அட்டை இருக்கும். கம்பி குத்தி வாயெல்லாம் புண்ணாகி, குழைந்த சாதத்தையே சாப்பிட்ட நாட்களிலும் "கழட்டிடலாம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் யாரிடமும் பார்த்ததில்லை. அண்ணன் ஒருநாள் வழக்கம்போல "தேங்கா..." என்று ஆரம்பித்தான். அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். "மாமா, நீ வாய மூடு" என்றாள். மறுபடியும் அட்டையை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

மாதாமாதம் கம்பியை முறுக்கிக்கொள்ளச் சிதம்பரம் போவோம். பஸ்ஸில் அட்டைக்குப் பதில் டிக்கெட். ஒருமுறை புதுச்சத்திரத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

"டிக்கெட்டு?"

அவள் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

"கையில குடும்மா."

மாட்டேன் என்று தலையாட்டினாள். "சார், வாயத் தொறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அப்பிடியே படிச்சிக்கங்க" என்றேன். அவர் குனிந்து படித்துவிட்டு, "நல்லவேள, முழுங்கல" என்று நகர்ந்தார். பஸ்ஸே சிரித்தது.

அன்று திரும்பி வரும்போது, மத்தியான வெயிலில், ஜன்னலோரம் அவள் தூங்கிப்போனாள். பஸ் பரங்கிப்பேட்டைப் பிரிவில் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. திடீரென்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மூச்சுச் சத்தம் இல்லை. பதறிப்போய் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். சூடாக, சீராக, காற்று வந்து பட்டது. டிக்கெட் மடியில் விழுந்து கிடந்தது. உதடுகள் தானாகவே மூடியிருந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, விரலை எடுக்கவே மனசு வரவில்லை.

"மூச்சு இருக்கும்மா, தூங்க வுடு" என்றாள் கண்ணைத் திறக்காமல். பிறகு, அத்தனை கம்பியும் வெயிலில் தெரிய, வாய்விட்டுச் சிரித்தாள். கை மடியிலேயே கிடந்தது.