சிவப்புத் தொப்பிக்கு வைத்த குறி

எடுவீனாவுக்குப் பயப்பட எதுவும் போதும். குதிரை கனைத்தால் பயம், பத்தகோனியக் காற்று கூரையை ஆட்டினால் பயம். துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் புருஷன் ஒனோஃப்ரே செம்மறிப் பண்ணையில் பூமா வேட்டைக்காரர். எங்கே போய் ஒளிவது?

ஆடு திருடும் அந்த மலைச்சிங்கங்கள், பூமாக்கள், இப்போது உஷாராகிவிட்டன. ஆட்டைத் தின்றுவிட்டுப் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் வெயில் காய்ந்தன. அதனால் நூறு மீட்டருக்குக் குறி பழகிய துப்பாக்கியை ஒனோஃப்ரே முந்நூறு மீட்டருக்குத் திருத்தினார். எதிர்ச்சரிவில் அந்தத் தூரத்தில் வெள்ளைத் தகரம் நடப்பட்டிருந்தது. அவர் சுட, அவள் பைனாகுலரில் பார்த்துச் சொன்னாள்.

"கீழ போச்சு, கிழவா."

"எவ்வளவு?"

"உன் மூக்கு நீளம்."

"அடி கிழவி! அப்ப ரொம்பத்தான்."

துப்பாக்கி மேலிருந்த தொலைநோக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒருவழியாகக் குண்டுகள் தகரத்தின் நடுவில் விழுந்தன.

"இனி பாதித் தூரத்துல சுட்டா ஒரு சாண் மேல போகும். ஞாபகம் வச்சுக்க."

"நானா சுடப்போறேன்?"

ஓட்டையை விரலால் தொட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குத் திருப்தி வராது. துப்பாக்கியை அவளிடம் விட்டு இறங்கினார். பாதி வழியில், காற்றுக்கு மறைவாக ஒரு பாறையடியில் நின்று சிகரெட் பற்றவைத்தார்.

பாறையின் மேல் பூமா பதுங்கியிருந்தது. அவருடைய சிவப்புத் தொப்பிக்கு நேர் மேலே.

கத்தினாள். எதிர்க்காற்று குரலை அவள் வாய்க்குள்ளேயே திணித்தது. துப்பாக்கியை எடுத்துக் குண்டேற்றினாள். தொலைநோக்கியின் சிலுவைக் குறி பூமாவின் நெஞ்சில் நின்றது. பாதித் தூரம். ஒரு சாண் மேலே போகும். அப்படியானால் ஒரு சாண் கீழே பிடிக்க வேண்டும்.

ஒரு சாண் கீழே சிவப்புத் தொப்பி.

"கன்னித் தாயே, அவர் கணக்கு தப்பாம இருக்கணும்" என்று அழுதாள். பூமாவின் வால் துடித்தது. சிலுவைக் குறியைப் புருஷன் தலைக்கு இறக்கி விசையை அழுத்தினாள்.

மறுபடி பார்த்தபோது பாறைமேல் பூமா இல்லை. கீழே மனிதரையும் காணோம். சுட்டுவிட்டேன், அவரைச் சுட்டுவிட்டேன் என்று புலம்பியபடி விழுந்தடித்து ஓடினாள்.

பாறைக்குப் பின்னால், செத்த பூமாவின் பக்கத்தில் ஒனோஃப்ரே குந்தியிருந்தார். "சரியா நெஞ்சுலயே குறி வச்சியே, கிழவி!"

அவர் அவள் நின்று சுட்ட மேட்டைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"இதுலயா குறி வச்ச?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். அவர் எழப் பார்த்து, மறுபடி அங்கேயே குந்திவிட்டார். அவள்தான் தோள் கொடுத்துத் தூக்கினாள்.