பதினோரு வெள்ளியும் ஒரு சைக்கிளும்

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பதினோரு வெள்ளிக்கிழமை நடந்தே போவதாக நேர்ந்துகொண்டது என் மாமியார். நேர்ந்தது அவர், நடக்க வேண்டியது நான். கல்யாணமாகி நாலு வருஷம் முடிந்தும் எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது.

என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். சீசன் சூடுபிடித்துவிட்டால் கம்பெனிப் பக்கமே தங்கிவிடுவார்; தீபாவளிக்குத்தான் வீடு. அதனால் ஆவணி, புரட்டாசி முழுக்க, ஐப்பசியில் தீபாவளி வரை, நானும் அத்தையும் மட்டுமே இருந்தோம். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் நல்ல மனுஷி. எனக்குத்தான் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தபோதும் வாத்தியார் கேட்ட கேள்விக்கு எழுந்து நிற்பேனே தவிர பதில் வாயைத் தாண்டாது.

முதல் வெள்ளிக்கிழமை அத்தையும் கூட வந்தார். எங்கள் ஊரிலிருந்து கோயிலுக்கு ஆறு மைல். அர்ச்சுனா நதிக் கரையோடு ஒரு பழைய வண்டிப்பாதை உண்டு. சாத்தூருக்குப் புது ரோடு போட்ட பிறகு வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பாதையில் சரளைக்கல்லும் முள்ளடர்ந்த உடைமர நிழலும்தான் மிச்சம். நேர்த்திக்குச் செருப்புப் போடக் கூடாது. திரும்பி வரும்போது எனக்குக் குதிகாலில் கொப்புளம், அத்தைக்கு முழங்கால் வீக்கம்.

"இனிமே நீ தனியாத்தான் போகணும், தாயி. பயமா இருக்கா?"

"இல்லை, அத்தை."

"அதையும் சத்தமாச் சொல்லு. கொசு பேசுன மாதிரி இருக்கு. ஆத்தாகிட்டயும் இப்பிடித்தான் முணுமுணுத்தியா? வாயைத் தொறந்து கேட்டாத்தான அவ குடுப்பா."

வீட்டு வாசலுக்கு வந்ததும், அந்த வலியோடும் உட்கார்ந்து, செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து என் காலைக் கழுவினார். நான் காலை இழுத்துக்கொண்டேன். "இது உன் காலு இல்ல, ஆத்தாகிட்டப் போயிட்டு வந்த காலு. சும்மா இரி" என்று சொல்லி, முந்தானையால் துடைத்துவிட்டார். நடைநேர்த்தி உள்ளவர்கள் வீட்டில் மூத்தவர்கள் அப்படிச் செய்வது எங்கள் ஊர் வழக்கம். பதினோரு வெள்ளியும் செய்வார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியும்போதே கிளம்பினேன். போன வாரத்துக் கொப்புளம் ஆறவில்லை. ஊரைத் தாண்டி ஆற்றோரத்தில் எங்கள் புஞ்சை இருந்தது. அதில் ஒரு கொட்டில். மாடுகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் தன் சைக்கிளைச் சீசன் முடியும் வரை அங்கேதான் சாத்தி வைப்பார். சின்ன வயசில் அப்பாவுடைய சைக்கிளை நான் அரைப்பெடல் போட்டு ஓட்டியிருக்கிறேன். ஆம்பிளை சைக்கிளில் குறுக்குக் கம்பி இருக்குமே, அதற்குக் கீழே வலது காலை நுழைத்து, உடம்பைச் சாய்த்துக்கொண்டே மிதிப்பது. பெரியவள் ஆனதும் அது நின்றுபோனது.

ஒரு மைல் மட்டும் என்றுதான் எடுத்தேன். கொப்புளத்துக்காக. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். முதலில் இரண்டு தரம் விழுந்தேன். பல்சக்கரம் வலது கெண்டைக்காலைக் கடித்து ரத்தம் வந்தது. மூன்றாவது தரம் வண்டி ஓடியது. ஒரு மைல் போனதும் இறங்க மனசு வரவில்லை.

சரளையில் சைக்கிள் போகிற சத்தம் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். இப்போது எல்லாம் தார்தான். சோளப்பொரி பொரிகிற மாதிரி அடியில் சத்தம் வந்துகொண்டே இருக்கும். கல் தெறித்து ஆற்றுக்குள் விழும். ஆறு என்றால் வெள்ளை மணல்தான், தண்ணீர் கிடையாது. மழைக்குக் காத்துக் கிடந்த கரிசலில் ஒரு தலை தெரியாது. ஆட்கள் எல்லாம் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போயிருப்பார்கள். மயில் ஒன்று பாதையை விட்டு விலக மாட்டாமல் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

கோயிலுக்கு அரை மைல் முன்னால் உடைமரப் புதரில் சைக்கிளை ஒளித்துவிட்டு நடந்து போனேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஓட்டி வந்தபோதுதான் விஷயம் உறைத்தது. நடந்தால் உச்சிப் பொழுதாகும். இப்போதே வீட்டுக்குப் போனால் அகப்பட்டுக்கொள்வேன். எனக்கு மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத மூன்று மணி நேரம். அது வரைக்கும் எனக்கு அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

கொட்டிலைத் தாண்டி, ஊருக்குள் நுழையாமல் ஆற்றோரமாகவே மேற்கே ஓட்டினேன். அந்தப் பக்கம் பாதை கொஞ்சம் மேடு. போகப் போக மேற்குமலை தெரியும். ஊரிலிருந்து பார்த்தால் நீலமாக ஒரு கோடு. அங்கே போனால் அதில் மடிப்பு தெரியும், மடிப்பில் நிழல் தெரியும். ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்விடலாம் என்று மிதிப்பேன். மலை அதே தூரத்தில்தான் நிற்கும். சிவகாசிப் பக்கமிருந்து 'டும்' என்று கேட்கும். கம்பெனிகளில் வெடி போட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்குக் கிட்ட எங்கேயோ அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் அவரைப் பற்றி நினைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நாலு வருஷத்தில் நாங்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

வீட்டிலும் தனியாகத்தான் இருந்தேன், பாதையிலும் தனியாகத்தான் இருந்தேன். பாதையில் மட்டும் அது உறுத்தவில்லை.

கோயிலில் நான் ஒன்றும் கேட்கவில்லை. இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. ஆத்தா முன்னால் கை கூப்பி நிற்பேன். பிள்ளை வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். மனசு முழுக்கப் புதருக்குள் கிடக்கிற சைக்கிள்மேல் இருக்கும். பிள்ளை வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை நின்றுபோகுமே என்றுகூட ஒரு தரம் தோன்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீடு திரும்பும் முன்னால் செயின் மசியை ஆற்றுமணலால் தேய்த்துக் கழுவிவிடுவேன். அத்தை செம்போடு காத்திருப்பார். நாலாவது வாரம் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ புள்ள, இங்கன பாரு. ஒரு வெடிப்பு இல்ல, ஒரு கொப்புளம் இல்ல. அம்புட்டுக் கல்லுல நடந்துட்டு வந்த காலா இது?"

நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அத்தை விடவில்லை.

"ஆத்தா உன்னையத் தாங்கிக்கிட்டுப் போறாடீ. எனக்கு அப்பவே தெரியும்."

அன்று சாயங்காலமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். அதற்கடுத்த வாரம் ஏழெட்டுப் பேர். "மெத்தை மேல நடந்த காலு மாதிரில்லா இருக்கு" என்று ஒருத்தி தொட்டுப் பார்த்தாள். "எங்க வீட்டு மனுசன் காலும் இப்பிடித்தான் இருக்கு, உக்காந்தே திங்காருல்ல" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையும் அடக்கம் என்றார்கள்.

இப்படியே ஒன்பது வாரம் போனது. நிறுத்தியிருக்கலாம். வியாழக்கிழமை இரவெல்லாம் நாளைக்கு நடந்துவிட வேண்டும் என்று நினைப்பேன். விடிந்து கொட்டிலைப் பார்த்ததும் கால் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

பத்தாவது வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அக்கா வந்தாள். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் சில மாதங்களிலேயே பறிகொடுத்தவள். அன்றைக்கு நாலாவதாக வயிற்றில் இருந்தது. மற்றவர்கள் போகும் வரை ஓரமாக நின்றாள். பிறகு, அத்தை என் காலைக் கழுவிப் படிக்கல்லில் தேங்கியிருந்த தண்ணீரை அவள் ஒரு சொம்பில் வழித்துக்கொண்டாள்.

"எதுக்குக்கா?" என்று கேட்டேன். அவளிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தரம்.

"வயித்துல தடவிக்கிடத்தான். ஒண்ணாச்சும் தங்கட்டும்."

அந்தத் தண்ணீரில் ஆற்றுமணலும் செயின் மசியும்தான் இருந்தன. சொம்பைத் தட்டிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. தட்டிவிடவில்லை. அவள் சொம்பை முந்தானையால் மூடி, தளும்பாமல் தெருவைக் கடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பதினோராவது வெள்ளிக்கிழமை நடந்தேன். கொட்டில் பக்கம் திரும்பவே இல்லை. முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தது. பாதையில் மண் கரைந்து, சரளை முனை முனையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது வாரம் பெடலில் இருந்த கால். இரண்டு மைலுக்குள் தோல் பிய்ந்துவிட்டது. கோயிலில் அன்றுதான் வாயைத் திறந்து கேட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கு இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்று கேட்டேன். எனக்கென்று கேட்க வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. வாசலில் தெருவே நின்றது, கடைசி வெள்ளியாயிற்றே. அந்த வருஷம் பட்டாசு லோடு சீக்கிரம் போய்விட்டதால் என் வீட்டுக்காரரும் அன்றைக்கே வந்திருந்தார். அத்தை செம்போடு குனிந்தார். தண்ணீர் பட்டதும் ரத்தம் கலந்து ஓடியது.

அத்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"என்ன தப்புப் பண்ணுன, தாயி? கடேசி நாளையில ஆத்தா உன்னையக் கீழ விட்டுட்டாளே."

எதிர்வீட்டு அக்கா கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, இத்தனை நாளும் நான் நடக்கலை. சைக்கிள்ல போனேன். இன்னிக்குத்தான் நடந்தேன்." அத்தனை பேர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. சத்தமாகத்தான் சொன்னேன்.

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். "இவளா? நம்ம வண்டியவா? ஏத்தா, அதுல ஏறுனா எனக்கே தரையில காலு எட்டாது."

"சும்மா இரிலே" என்று அவரை அதட்டினார் அத்தை. என் பக்கம் திரும்பினார். "பொம்பளை ஓட்டுற வண்டியா அது? ஆத்தா மேல பழி வந்துரும்னு தன் மேல போட்டுக்கிடுறியா? உளறாத, புள்ள. ஒண்ணு பேசவே ஒனக்கு ஒரு நாளாகும், நீயா சைக்கிள் ஓட்டப் போற?"

கெண்டைக்காலைக் காட்டினேன். "முள்ளு கிழிச்சிருக்கு" என்றாள் ஒருத்தி.

கொட்டில் அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரம். போய் வண்டியை எடுத்து, சேலையைத் தார்ப்பாய்ச்சி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டியிருந்தால் போதும். அத்தனை பேர் பார்க்க, குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, சாய்ந்து மிதிக்க வேண்டும். நின்ற இடத்தை விட்டு என்னால் அசைய முடியவில்லை. அவர்கள் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். எதிர்வீட்டு அக்கா கடைசியாகப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

நேர்த்தி முறிந்துவிட்டது என்று அத்தை முடிவு செய்தார். தையிலிருந்து இன்னொரு பதினோரு வெள்ளி. அதைக் கேட்டதும் என் மனசு ஒரு நிமிஷம் குதித்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் தீபாவளி முடிந்து கம்பெனிக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சைக்கிளையும் கொண்டுபோய்விட்டார். செயின் துருவில்லாமல் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து, "யாரோ எடுத்து ஓட்டியிருக்கானுக" என்று திட்டிக்கொண்டே போனார்.

தையிலிருந்து பதினோரு வெள்ளியும் நடந்தேன். அந்தப் பாதை நடப்பவளுக்கு அவ்வளவு நீளம். வழியில் எந்த இடத்தில் கல் சத்தம் மாறும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது, சத்தம்தான் இல்லை. மேற்கே திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. எதிர்வீட்டு அக்காவுக்குச் சித்திரையில் பிள்ளை பிறந்து தங்கியது. பிள்ளையை எல்லார் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனாள், எங்கள் வீட்டைத் தவிர.

எனக்கு மகள் பிறந்தது வெகு நாள் கழித்து. அப்போது அத்தை உயிரோடு இல்லை. கடைசி வரை அவர் நான் சொன்னதை நம்பவில்லை. தையிலிருந்து போன வெள்ளிகளிலும் ரத்தம் வந்த காலைத்தான் வாராவாரம் கழுவினார், ஒரு வார்த்தை குறை சொல்லாமல். இப்போது என் கால் வீங்குகிறது, மகள் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். கெண்டைக்காலில் வரிசையாக நாலு புள்ளித் தழும்பு. "இது என்னம்மா?" என்று ஒரு தரம் கேட்டாள்.

"முள்ளு கிழிச்சது" என்றுதான் சொன்னேன்.