அன்ரோவின் தண்ணீர்ப் பங்கு

நாவலடி மீனவர் அன்ரோ நாளொன்றுக்குப் பதினைந்து லீற்றர் தண்ணீர் குடிப்பார். அவ்வளவும் சிறுநீராகக் கழிந்துவிடும். அது பிறவி நோய். ஆழிப்பேரலை கிணறுகளை உப்பாக்கியபின், பாடசாலை முகாமில் ஆளுக்கு ஐந்து லீற்றரே பவுசர் வண்டியிலிருந்து வழங்க முடிந்தது. பங்கிட்டவன் நான்.

“வாவியையும் குடிச்சிப்போடுவாய் போல கிடக்கு மச்சான். கொஞ்சம் அடக்கிப் பழகு,” என்றார் வரிசையில் நின்ற உதயரூபன்.

“ஏலாது மச்சான், இது பிறவி வருத்தம்,” என்றார் அன்ரோ.

எல்லோரும் சிரித்தனர். நானும் ஐந்து லீற்றரே அளந்தேன்.

மூன்றாம் நாள் அன்ரோ நா வறண்டு பிதற்றினார். அவருடைய கிளினிக் அட்டையைப் படித்த வைத்தியர் எங்களுக்கு விளக்கினார். தண்ணீரை உடலுக்கு மீட்டுத்தரும் புரதம் அவருடைய சிறுநீரகக் கலங்களில் உருவாகிறது. ஆனால் கலத்தின் மென்சவ்வைச் சென்றடையாமல் உள்ளேயே சிக்கிவிடுகிறது. குடிப்பதைக் குறைத்தாலும் சிறுநீர் நிற்காது, உடல்தான் வற்றும்.

உதயரூபன் தம் பங்குத் தண்ணீர் வாளியை அன்ரோவின் பாயருகே வைத்தார். மறுநாள் முதல் நான் அன்ரோவுக்கு அளக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தேன்.

ஐந்தாண்டு கழித்து உள்நாட்டுப் போர் முடிந்தபின்னும் அன்ரோ கடலுக்குப் போனார். வலை ஏறுமுன் தண்ணீர்க் கலன்களைத் தோணியில் ஏற்றுபவர் உதயரூபன்.