கத்தாத கண்டக்டர்

என் பூக்கூடையை வாங்கி முன் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, கண்டக்டர் அந்தோணிசாமி நேரே பின்படிக்குப் போய்விடுவார். கடலூர் முதுநகரில் நான் ஏறும் சிதம்பரம் வண்டியில் தினமும் காலையில் இதே கதைதான். எல்லோரிடமும் வந்து டிக்கெட் கிழிப்பவர், எனக்கு மட்டும் ஆள்மாற்றி ஆள் கைமாற்றி அனுப்புவார். பூக்காரி என்றால் இளப்பமோ என்று மனசுக்குள் குறைப்பட்டுக்கொண்டேன். மூன்று வருஷம் கழித்து டிரைவர் கலியமூர்த்தி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

"அவனுக்கு ஆஸ்துமாம்மா. மல்லிப்பூ வாசனை பட்டா நெஞ்ச அடைச்சிக்கும். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

சாமிக்குப் போகிற பூ ஒரு மனுஷனின் மூச்சை அடைக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. மறுநாள் அவரிடமே கேட்டேன். சிரித்தார். "நீங்க பூ விக்காம... இருக்க முடியுமா? நான் வண்டி ஏறாம... இருக்க முடியுமா? பின்படியில... நல்ல காத்து வருதுக்கா." அன்றிலிருந்து கூடையை ஈரத்துணியால் இறுக்கக் கட்டிப் பின்பக்க டிக்கியில் போட ஆரம்பித்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். ஒல்லியான உடம்பு. சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க மாட்டார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொல்வார். அதனால் வாயை மிச்சம் பிடிக்கக் கையால் பேசுவார். ஒரு விரல் காட்டினால் ஆலப்பாக்கமா என்று அர்த்தம். இரண்டு விரல் புதுச்சத்திரம். தலைக்கு மேல் கை கூப்பினால் சிதம்பரம். புதிதாக ஏறிய பெரியவர் ஒருவர், தன்னைத்தான் கும்பிடுகிறார் என்று எண்ணி, எழுந்து நின்று பதில் கும்பிடு போட்டார்.

விசில் ஊதவும் முடியாது. வலது கை விரலில் வேளாங்கண்ணி மாதா மோதிரம். அந்த மோதிரத்தால் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்கும், இரண்டு தட்டினால் கிளம்பும். இன்ஜின் சத்தத்திலும் கலியமூர்த்திக்கு அது தெளிவாகக் கேட்கும். மருந்து அடிக்கிற குப்பியை டிக்கெட் பைக்குள் ஒளித்து வைத்திருப்பார். மூச்சு முட்டினால், புதுச்சத்திரத்தில் இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து ஏறுவார்.

2009-இல் பஸ் முதலாளியின் மகன் ஜெயப்பிரகாஷ் பொறுப்புக்கு வந்தார். எங்கள் வண்டிக்கு ஐந்து நிமிஷம் பின்னால் இன்னொரு வண்டி. அந்தக் கண்டக்டரின் குரல் அடுத்த ஊருக்கே கேட்கும். கூட்டமெல்லாம் அங்கே போயிற்று. "கண்டக்டருக்கு வாய் வேணும்யா. நாளைக்கு நானே வண்டியில வரேன். சரிப்படலன்னா ஷெட்டுக்குப் போயிடு" என்று அந்தோணிசாமியிடம் சொல்லிவிட்டார் ஜெயப்பிரகாஷ்.

ஷெட்டு என்றால் டீசல் புகை, பெயிண்டு, தூசி. அங்கே ஒரு வாரம் தாங்க மாட்டார் என்று தினமும் வருகிற எங்களுக்குத் தெரியும். ஜெயப்பிரகாஷுக்குத் தெரியாது. நோய் என்று சொன்னால் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அந்தோணிசாமி முதலாளி வீட்டில் மூச்சு விட்டதில்லை.

நான் திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன். என் பக்கத்து சீட்டு இருசம்மாள் கருவாடு விற்கிறவள். அவள் கூடை அந்தோணிசாமியை ஒன்றும் செய்யாது, என் மல்லிதான் ஆகாது. ஆண்டவன் கணக்கு நமக்கு எங்கே புரிகிறது? "நீ சாமிய கேளு. நான் கத்துறேன்" என்றாள் இருசம்மாள்.

மறுநாள் முன் சீட்டில் ஜெயப்பிரகாஷ். வண்டி முதுநகரில் நின்றதும் இருசம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "செதம்பரம், செதம்பரம், செதம்பரம்! சீட்டு இருக்கு, வாங்க!" காலேஜ் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கோயிலில்கூடக் குரலை உயர்த்தாத நானும் கத்தினேன். ஊருக்கு ஊர் ஆள் ஏறி, ஆலப்பாக்கம் வருவதற்குள் நிற்க இடமில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவருக்குத் தட்டுகிற வேலையையும் மிச்சப்படுத்துவோம் என்று ஒருத்தி வளையலால் கம்பியில் தட்டினாள். ஒருவர் சாவியால் தட்டினார், இன்னொருவர் டிபன் பாக்ஸால். கலியமூர்த்தி நிறுத்துவார், எடுப்பார், மறுபடி நிறுத்துவார். கடைசியில் ஒரு சவுக்குத் தோப்பு ஓரம் வண்டி நின்றேவிட்டது.

"யாருப்பா எறங்கறது?" என்று கத்தினார் கலியமூர்த்தி.

"யாரும் இல்ல மாமா!"

"அப்ப ஏறுறது?"

"ஒரு மாடு நிக்கிது!"

வண்டியே சிரித்தது. ஜெயப்பிரகாஷ் எழுந்தார். "யோவ், இந்த வண்டியில கண்டக்டர் யாருய்யா?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தோணிசாமி முன்னால் வந்தார். அவரும் சிரித்திருக்கிறார், சிரிப்பே இழுப்பை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. தோள் இரண்டும் ஏறி இறங்குகின்றன, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம். கீழே இறங்க வழியில்லை. ஒரு நொடி ஜெயப்பிரகாஷைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து குப்பியை எடுத்து, குலுக்கி, எல்லோரும் பார்க்க வாயில் வைத்து இழுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாங்களும் பிடித்துக்கொண்டோம். இன்னொரு தடவை இழுத்தார். தோள் மெல்ல இறங்கியது.

"இதான் சார்... என் விசில். எனக்கு மட்டும்தான்... கேக்கும்."

ஜெயப்பிரகாஷ் கேட்டார்: "ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"சொன்னா... எடுத்துடுவீங்க."

ஜெயப்பிரகாஷ் திரும்பி, நிறைந்திருந்த வண்டியையும் இருசம்மாளையும் பார்த்தார். "எடுத்தா இந்தம்மா என்னைச் சும்மா விடுமா?"

"எப்புடி உடுவேன்? கருவாட்டுக் கூடைய கொண்டாந்து உங்க ஊட்டு நடுக்கூடத்துல எறக்கிடுவேன்" என்றாள் இருசம்மாள்.

ஷெட்டுப் பேச்சு அத்தோடு போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை போட்டார் ஜெயப்பிரகாஷ்: கத்துவது யாராக இருந்தாலும், கம்பியைத் தட்டுவது கண்டக்டர் மட்டும்தான். இன்றைக்கும் அந்த வண்டியில் அப்படித்தான் நடக்கிறது.

2012 தை மாசம் என் மகள் வெண்மதிக்குச் சிதம்பரத்தில் நர்சு வேலை கிடைத்தது. அவளோடு அங்கேயே குடிபோனதால் எனக்கு வண்டி தேவைப்படவில்லை. கடைசி நாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அந்தோணிசாமியே டிக்கியைத் திறந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கூடையைக் கைநீட்டிக் கொடுத்தார். வரேன் தம்பி, உடம்பைப் பார்த்துக்கோ என்றேன். தலையாட்டினார். நாலடி நடந்திருப்பேன், "அக்கா" என்றார். வழக்கத்தைவிட அதிகமாகவே மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நாளைலேர்ந்து உங்க சீட்டுல... யாரு வந்து உக்காந்தாலும்... கத்தத் தெரியுமான்னு கேட்டுட்டுதான்... டிக்கெட்டு குடுப்பேன்."