பாதி பிளக் உள்ளே, பாதி பிளக் கையிலே

ஆரணியில் பைக் மெக்கானிக்குகள் இரண்டு ரகம்: பிளக்கை உடைக்கிறவர்கள், உடைந்த பிளக்கை எடுக்கிறவர்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் அவருக்கு சீனியர் மெக்கானிக் என்று பெயர். நான் பதினெட்டு வருஷமாக சீனியர்.

பழைய வண்டி வைத்திருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கிக்கரை உதைத்து உதைத்து வலது முட்டி தேய்ந்தவர்கள் நீங்கள். "இதை எப்போ தூக்கிப் போடப் போறீங்க?" என்று வீட்டில் கேட்கும்போது காது கேட்காதது போல இருக்கப் பழகியவர்கள். புது வண்டிக்காரர்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை: ஸ்பார்க் பிளக் என்பது சுண்டுவிரல் நீளச் சாமான். மேலே வெள்ளைப் பீங்கான், கீழே மரை போட்ட இரும்பு. இஞ்சின் தலையில், அதாவது ஹெட்டில், திருகி இறக்கியிருப்பார்கள். பல வருஷம் அசையாமல் கிடந்த பிளக்கை அவசரப்பட்டுத் திருகினால் மேல் பாதி ஸ்பேனரோடு வந்துவிடும். மரை இருக்கும் பாதி உள்ளேயே நின்றுவிடும். அதற்கப்புறம் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் கீழே.

முதல் பிளக்

கடை திறந்த இரண்டாவது வாரம். பெரணமல்லூரிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட் ஆகவில்லையாம். பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்று பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் சுலபமாகவே வந்தது. மேல் பாதி மட்டும்.

எனக்கு அதற்கு முன் பிளக் உடைந்ததே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், உடைந்த துண்டைத் திரும்ப அது இருந்த இடத்திலேயே நிறுத்தி, மேலே ஒயரைச் சொருகி, அது விழாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சார், பிளக் நல்லாத்தான் இருக்குது. கார்ப்பரேட்டர்லதான் அடைப்பு. ஒரு மணி நேரம் கழிச்சி வாங்க" என்றேன். அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நான் கையை எடுக்க முடியாமல் பத்து நிமிஷம் அப்படியே நின்றேன். மூக்கு அரித்தது. சொறிய முடியவில்லை. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பரீட்சையில பிட்டை சட்டைக்குள்ள தள்ளிகினு உக்காந்திருக்கிற பையன் மூஞ்சிய இருபத்தஞ்சு வருஷமா பாக்கறேம்ப்பா. கையை எடு."

அரை அங்குலம்

உடைந்த பிளக்கை எடுப்பதில் பாதி வேலை சும்மா இருப்பதுதான். துரு இளக எண்ணெய் விட வேண்டும். காத்திருக்க வேண்டும். ஹெட்டைச் சூடு பண்ண வேண்டும், மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. பிறகு, இடது பக்கம் திருகத் திருக உள்ளே இறுகிப் பிடிக்கும் 'ஈஸி அவுட்' என்ற கருவியை இறக்கி, கால் சுற்று முன்னால், அரைக்கால் சுற்று பின்னால் என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். பேருக்குத்தான் அது ஈஸி.

ஒரு நாள் பட்டுத் தறி நெய்கிற ஏகாம்பரம் அண்ணன் வண்டியில் இந்த வேலை. காலையில் ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியவில்லை. நான் பத்து தடவையாவது "சே" என்று சொல்லியிருப்பேன். இரண்டு தடவை ஸ்பேனரைத் தரையில் போட்டேன். அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு ஒருவழியாகப் பிளக்கின் மீதித் துண்டு வெளியே வந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "இன்னா வேலைண்ணா இது, மனுஷன் செய்வானா!" என்று அவரைப் பார்த்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் அந்தத் துண்டை வாங்கி விரலால் அளந்து பார்த்தார்.

"அரை அங்குலம் இருக்குமா? நாங்களும் ஒரு நாளைக்கு முழத்துக்கு மேல நெய்யறது இல்ல தம்பி. ஆனா தறியை இப்படித் திட்டறதில்ல."

நர்சம்மா

உடைந்த பிளக்கைவிட மோசமான ஒன்று உண்டு. அதன் பீங்கான் நொறுங்கி இஞ்சினுக்குள் விழுவது. அதை எடுக்காமல் வண்டியை ஓட்டினால் உள்ளே எல்லாவற்றையும் கீறிவிடும். எடுக்க வேண்டுமானால் ஹெட்டையே கழற்ற வேண்டும். பழைய வண்டியில் ஹெட்டைக் கழற்றினால் அடுத்து எதெல்லாம் உடையும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் அப்படி ஒரு துண்டு விழுந்துவிட்டது. இரும்புப் பாதியை எடுத்தாகிவிட்டது. பீங்கான் துண்டு மட்டும் உள்ளே. வண்டிக்காரர் ஊரில் இல்லை. அவர் மனைவி, கலசப்பாக்கம் பக்கத்தில் கிராமச் சுகாதார நர்ஸ், டியூட்டி முடிந்து வண்டியை எடுத்துப்போக வந்திருந்தார். நான் குச்சி நுனியில் கிரீஸ் தடவி உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.

"பீங்கான்ல காந்தம் ஒட்டுமா?" என்றார் அவர்.

"ஒட்டாதுங்க."

"அப்புறம் எதுக்கு விடறீங்க?"

அவர் கைப்பையைத் திறந்து ஒரு நீளமான வளைந்த இடுக்கியை எடுத்தார். வீடு வீடாகப் போகும்போது முள் எடுக்க வைத்திருப்பதாம். என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். "உள்ள இருக்கிற பிஸ்டன் மேல வருமில்ல? கையால கிக்கரை அழுத்தி மெதுவா ஏத்துங்க. துண்டும் மேல வரட்டும்" என்றார். இத்தனை வருஷத் தொழில் எனக்கு, அது தோன்றவில்லை. ஏற்றினேன். இடுக்கி உள்ளே போனது. என் கை நடுங்கியதில் டார்ச் வெளிச்சம் வண்டியை விட்டு எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், துண்டை வெளியே எடுத்துக்கொண்டே சொன்னார்:

"மூக்குல புளியங்கொட்டை போட்டுக்கிற கொழந்தைங்கதான் இப்படி நடுங்கும். நீங்க ஆடாம நில்லுங்க."

டாங்க்

ஈஸி அவுட்டுக்கும் மசியாத பிளக்குக்கு வெல்டிங்தான் வழி. உள்ளே நிற்கும் துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, நட்டைப் பிடித்துத் திருக வேண்டும். பக்கத்துக் கடை வெல்டரைக் கூப்பிட்டேன். வண்டிக்குச் சொந்தக்காரரான பெரியவர், வெல்டிங் என்ற வார்த்தையைக் கேட்டதும், நான் கழற்றிக் கீழே வைத்திருந்த பெட்ரோல் டாங்க்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ரோட்டைக் கடந்து, டீக்கடையையும் தாண்டி, வேப்பமரத்தடியில் போய் டாங்க்கை மடியில் வைத்து உட்கார்ந்தார். "அவ்ளோ தூரம் எதுக்குங்க?" என்று கத்தினேன். அங்கிருந்தே பதில் வந்தது:

"வண்டி எரிஞ்சா வண்டியோட போவட்டும். இதுல நேத்துதாம்பா பெட்ரோல் ரொப்புனேன்!"

ஆப்சென்ட்

இது சிரிக்கிற கதை இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். பெரணமல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியில் வண்டி நின்றிருக்கிறது. யாரோ உதவிக்கு வந்து, அளவு சேராத ஸ்பேனரைப் போட்டுப் பிளக்கை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார். மகள் பெயர் செல்வி. கையில் ஹால் டிக்கெட். அரசாங்க வேலைக்கான பரீட்சை. சென்டர் ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அன்று முகூர்த்த நாள் வேறு. ஊரிலிருந்த ஆட்டோ எல்லாம் கல்யாண மண்டபங்களின் வாசலில்.

"பத்தே நிமிஷம்" என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். உடைந்த பிளக் பத்து நிமிஷத்தில் வராது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இந்த ஊரில் இல்லை. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு முன்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். எண்ணெய் விட்டேன், தட்டினேன், திருகினேன். எட்டே முக்கால் ஆனது. செல்வி புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டாள்: "அண்ணா, இது வர்ற மாதிரி தெரியல. உங்க வண்டி ஓடுமா?"

ஒரு மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி. ஏனென்றால் பெரும்பாலும் ஓடாது. ஏழாவது உதையில் என் வண்டி கிளம்பியது. "போ கண்ணு, நான் இங்கியே இருக்கேன்" என்றார் அப்பா. வழியெல்லாம் பின்னால் அவள் ஏதோ வருஷங்களையும் பெயர்களையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கேட்டின் ஒரு கதவை மூடிவிட்டு இன்னொன்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடி, அந்த இடைவெளியில் நுழைந்துவிட்டாள். கேட் மூடியது. நான் வெளியே நின்று மூச்சு வாங்கினேன், ஓடியது நான் என்பது போல.

பிளக் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. சில மாதம் கழித்து அதே வண்டியில் ஆயில் மாற்ற அவளே வந்தாள். ரிசல்ட் என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஃபெயிலுண்ணா" என்றாள். "அன்னிக்கு முக்கால் மணி நேரம் நான்தான்மா உன்னை நிக்க வெச்சிட்டேன். வந்த உடனே கூட்டிகினு போயிருந்தா பதட்டம் இல்லாம எழுதியிருப்பே" என்றேன். அவள் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க கொண்டாந்து விடலன்னா ஆப்சென்ட்டுண்ணா. ஃபெயிலுன்னா எதை மறுபடி படிக்கணும்னு தெரியுது. ஆப்சென்ட்டுன்னா ஒண்ணுமே தெரியாது."

மின்னியது

களம்பூர் ரைஸ் மில்லில் லாரி ஓட்டும் முனுசாமி, நான் பார்த்ததிலேயே பழைய வண்டி ஒன்றை வைத்திருக்கிறார். அதற்கு வேறு ஹெட் இனிமேல் எங்கும் கிடைக்காது. வண்டி சாய்ந்து வாசல்படியில் மோதி பிளக் உடைந்துவிட்டது என்று கொண்டுவந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். நான் ஈஸி அவுட்டை இறக்கித் தொட்டதுதான் தாமதம், மீதித் துண்டு வெண்ணெயில் விரல் போனது போல வழுக்கிக்கொண்டு வந்தது. நல்ல செய்தி என்று நினைப்பீர்கள். இல்லை. மரை பிடித்திருந்தால் அப்படி வராது.

வெளியே வந்த துண்டைப் பார்த்தேன். சுற்றிலும் மினுமினுவென்று இழைகள். ஹெட்டின் மரை மொத்தமும் உரிந்து பிளக்கோடு வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். முனுசாமிக்கு அந்த வண்டி எவ்வளவு முக்கியம் என்று தெரியும். மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றி அதன் சீட்டில் போடுகிற ஆள். துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு லேத் பட்டறை பாயிடம் ஓடினேன். அவர் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஹெட்டோட அலுமினியம் இல்லப்பா. இன்னான்னு எனக்கும் புரியல. ஆனா உள்ள மரை இல்லன்னா மரை போட்ட ஒரு புஷ் கடைஞ்சி ஓட்டையில போட்டுத் தர்றேன், பேஜார் ஆவாதே" என்றார். பாதி தைரியம் வந்தது.

திரும்பி வந்தால் முனுசாமி வண்டியருகே நிற்கிறார். வழியில் நாலு தடவை சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்: "அண்ணே, மரை போயிடுச்சி. நான்தான் காரணம். ஆனா சரி பண்ணித் தந்துடறேன்." அவர் என் உள்ளங்கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அந்த மினுமினுப்பை நகத்தால் நிமிண்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் கூச்சம்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மரை போயி ரெண்டு வருஷம் ஆவுது. வீட்ல தறியில மீந்த ஜரிகையைச் சுத்தி நான்தான் இறுக்கி வெச்சிருந்தேன். அசல் ஜரிகைப்பா, அதான் இத்தினி நாள் நின்னுது. வீட்ல மட்டும் சொல்லிடாதே."

இத்தனை வருஷத்தில் "நான்தான் உடைத்தேன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு பிளக்கும் என்னிடம் வந்ததில்லை. நான் உடைத்தவை உட்பட எல்லாமே தானாக உடைந்தவை, இல்லாவிட்டால் வேறு யாரோ உடைத்தவை.